செல்லரித்த இடம்

அமராவதி ஆற்றங்கரையில் ஒரு மடம் இருந்தது. அமாவாசைக்கு அமாவாசை அங்கே ஏடு வாசிப்பார்கள். வாசித்து முடிந்ததும் வந்தவர்களுக்கெல்லாம் இலை போடுவார்கள்.

ஏடு வாசிப்பவர் பெயர் சென்னியப்பர். மடத்துக் குருவுக்கு அவர் சீடர்தான், ஆனால் வயதில் குருவைவிட மூத்தவர். பழைய குரு காலமாகி இந்தக் குரு வந்தபோதே சென்னியப்பருக்குத் தலை நரைத்திருந்தது. அதனால் குரு அவரை ஐயா என்று கூப்பிடுவார். அவர் குருவைச் சாமி என்பார்.

அமாவாசைக்கு முந்தின நாள் காலையில் குரு சமையல்கட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து மறுநாள் பந்திக்கு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். சென்னியப்பர் வந்து நின்றார். நின்றவர் நின்றுகொண்டே இருந்தார்.

"உக்காருங்க ஐயா."

"இல்லீங்க சாமி. ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"நம்ம பெரிய ஏடு ஈசுவரன் எழுதுனதுங்களா, மனுசன் எழுதுனதுங்களா?"

குரு காம்புகளை ஓரமாகத் தள்ளினார்.

"இத்தனை காலம் வாசிச்ச பிறகு வருதா இந்தச் சந்தேகம்?"

"வந்துருச்சுங்க."

"நேத்து மழை பெஞ்சுதே, அதுக்கு முன்னாடியா, அதுக்குப் பின்னாடியா?"

சென்னியப்பர் உருவிப்போட்ட காம்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

முந்தின நாள் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. ஆற்றுப்பக்கம் இருந்தவர்கள் எல்லாரும் மடத்துக்குள் ஓடி வந்தார்கள். ஆடுகள்கூட வந்தன. நாச்சாயி மட்டும் வெளி வாசலுக்கு அந்தப் பக்கம், புங்கமரத்தடியில் நனைந்துகொண்டு நின்றாள். குருவே குடையோடு போய்க் கூப்பிட்டார். அவள் வரவில்லை. ஏட்டில் இருக்கிறதே சாமி, நான் எப்படி வர முடியும் என்று கேட்டாள். கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் அதைக் கேட்டார்கள். சென்னியப்பரும் கேட்டார்.

நாச்சாயி கதை ஊரறிந்த கதை. அவளுடைய தங்கை, பிள்ளையை இவளிடம் விட்டுவிட்டுச் சந்தைக்குப் போனாள். இவள் நெல் அவித்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டுத் திரும்பினபோது பிள்ளையைக் காணோம். கிணற்றில் மிதந்தது. தங்கை அதற்குப் பிறகு இவள் முகத்தில் விழிக்கவில்லை. ஊர் என்னென்னவோ பேசியது. நாச்சாயி மடத்துக்கு வந்தாள். இங்கே ஏதாவது வேலை செய்துகொண்டு கிடக்கிறேன் என்று பழைய குருவிடம் கேட்டாள். அவரும் இரு தாயே என்றார்.

அவள் வந்த மறுநாள் அமாவாசை. கடைசி வரிசையில் உட்கார்ந்து ஏடு கேட்டாள். சாப்பாட்டுக்கு முன்னால் வாசிக்கிற அன்னப் பகுதி வந்தது. சென்னியப்பர் வாசித்தார்:

"பசித்து வந்தவர் யார் என்று கேளாதீர். உயிர்ப்பழி சுமந்து வந்தவர் வாசலுக்கு வெளியே நிற்கக் கடவர். அவருக்கும் அன்னம் உண்டு."

நாச்சாயி எழுந்தாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, உட்கார்ந்திருந்தவர்களின் காலை மிதிக்காமல் நடந்து, வாசலைத் தாண்டிப் போய் நின்றாள். அன்றைக்குப் போனவள்தான். விடிந்தால் வாசலுக்கு வெளியே கூட்டுவாள், தண்ணீர் தெளிப்பாள், வருகிறவர்களின் செருப்புகளை ஒழுங்காக எடுத்து வைப்பாள். இலை அங்கேயே போகும். இருட்டினால் பக்கத்துச் சாவடியில் படுத்துக்கொள்வாள்.

பழைய குரு எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். தாயே, நான் சொல்கிறேன், உள்ளே வா என்றார். நீங்க சொல்றீங்க, ஈசுவரன் சொல்லலையே என்றுவிட்டாள். அதற்குமேல் அவரால் என்ன சொல்ல முடியும்? ஏட்டை எதிர்த்துப் பேசுகிற குருவா அவர்?

இப்போது குரு முறத்தைக் கீழே வைத்தார்.

"ஐயா, இன்னைக்கு நாச்சாயிக்கு இலையை நீங்க கொண்டு போங்க."

சென்னியப்பருக்கு முகம் மாறியது. அந்த வாசலை அவர் எப்போதும் வேகமாகக் கடந்து போகிறவர்.

"அது சமையல்கட்டு வேலப்பன் கொண்டுபோறதுங்களே."

"இன்னைக்கு நீங்க. என்கிட்டக் கேட்ட கேள்வியை அந்த அம்மிணிகிட்டயும் கேட்டுட்டு வாங்க."

வேறு வழி இல்லாமல் அவர் போனார். சோறும் கீரையும் ஒரு துண்டு வெல்லமும் இருந்தன. நாச்சாயி அவரைப் பார்த்ததும் பதறிப்போனாள். ஏடு தொடுகிற கையால் எனக்கு இலை கொண்டுவரலாமா என்றாள். நேற்றைய நனைச்சலில் அவளுக்கு இருமல் பிடித்திருந்தது. இலையை வாங்கிக் கல்லின்மேல் வைத்தாள்.

அவர் கேட்டார். கேட்கும்போது புங்கமரத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

அவள் சிரித்தாள். "நல்லா சோதிக்கிறீங்க சாமி. மனுசன் எழுதுனதுன்னா நான் இங்கயா நிப்பேன்? எங்க ஊர்ல எத்தனை மனுசங்க என்னென்ன சொன்னாங்க. அதுக்கெல்லாமா நின்னேன்?"

அவர் திரும்பினார். அவள் கூப்பிட்டாள்.

"சாமி, கோவிச்சுக்காதீங்க. நானும் ஒண்ணு கேக்கறேன். நான் போய்ச் சேந்த பொறகு, அங்கயும் வாசல்லதான் நிக்கணுங்களா? ஏட்டுல அதைப்பத்தி ஏதாச்சும் போட்டிருக்குதுங்களா? பாத்துச் சொல்லுங்க. இப்பவே தெரிஞ்சா மனசைத் தயார் பண்ணிக்குவேன்."

பார்த்துச் சொல்கிறேன் என்றார் சென்னியப்பர். அதைச் சொன்னதே அவருக்குத் தெரியவில்லை. கால் தானாக நடந்தது.

குரு இன்னும் கீரை உருவிக்கொண்டிருந்தார். சென்னியப்பர் இந்தத் தடவை உட்கார்ந்தார். தரையில், குருவுக்கு முதுகைக் காட்டாமல், முகத்தையும் காட்டாமல், பக்கவாட்டில் உட்கார்ந்தார்.

"அந்த வரி நான் எழுதுனதுங்க."

குரு கையிலிருந்த கீரையைக் கீழே வைத்தார்.

சென்னியப்பர் மெல்ல மெல்லச் சொன்னார். அவர் வாலிபத்தில் பெரிய ஏட்டைப் படியெடுக்கிற வேலை அவரிடம் வந்தது. பழைய ஓலைகள் தொட்டால் உதிர்ந்தன; அவற்றைக் கூடத்தில் வாசிப்பதை எப்போதோ நிறுத்திவிட்டிருந்தார்கள். மடத்து வழக்கப்படி ஒருவர் பழைய ஓலையை வாசிக்க, ஒருவர் புதிய ஓலையில் எழுத வேண்டும். செல்லரித்த இடம் வந்தால் அந்த அளவுக்கு ஓலையை வெறுமையாக விட வேண்டும். ஓட்டையையும் சேர்த்து எழுதுங்கடா என்பாராம் பழைய குரு. பிறகு கூடத்தில் வாசிக்கும்போது அந்த இடம் வந்தால் வாசிப்பவர் நிறுத்துவார். கூட்டம் தலை குனியும். ஒரு மூச்சு விடும் நேரம் எல்லாரும் அவரவர் மனதில் இருப்பதைக் கடவுளிடம் சொல்லிக்கொள்வார்கள். பிறகு வாசிப்பு தொடரும். அப்படிப்பட்ட இடங்கள் பெரிய ஏட்டில் இன்றைக்கும் இருக்கின்றன.

அன்னப் பகுதி எழுதின அன்று, வாசிக்கிறவருக்குக் காய்ச்சல். இவரே பார்த்து இவரே எழுதினார். உயிர்ப்பழி சுமந்து வந்தவர் என்ற சொல்லுக்கு அப்புறம் செல்லரித்திருந்தது. அதற்குப் பிறகு, அவருக்கும் அன்னம் உண்டு என்று தெளிவாக இருந்தது. நடுவில் என்ன இருந்தது?

"உங்களுக்குத் தெரியுங்களா?" என்றார் குரு.

"தெரியாதுங்க."

"அப்புறம் எப்படி எழுதுனீங்க?"

"அப்போ தெரிஞ்ச மாதிரி இருந்துச்சுங்க சாமி. பழிகாரன் வந்தா வேற என்ன சொல்லியிருப்பாங்க, வெளிய நில்லுன்னுதானே சொல்லியிருப்பாங்கன்னு தோணுச்சு. என் எழுத்து அழகா இருக்கும். அழகான ஓலையில நடுவுல ஒரு வெத்து இடம் பாக்க நல்லாயில்லைன்னும் தோணுச்சு."

ஆடிப்பெருக்கு அன்று பழைய ஓலைகளை வழக்கப்படி ஆற்றில் விட்டார்கள். அதோடு சரி. யாருக்கும் தெரியாது. நாச்சாயி வரும்வரை அவருக்கே அது மறந்துபோயிருந்தது. அவள் எழுந்து வெளியே போனபோது அவர் வாசிப்பை நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு அமாவாசையும் அந்த வரியை மட்டும் சீக்கிரமாக வாசித்துவிடுவார்.

"கசப்பு மருந்தைக் குடிக்கற மாதிரிங்க," என்றார். "ஆனா குடிச்சது நானில்லை."

சென்னியப்பர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். ஒரு யோசனை இருக்கிறது என்றார். அந்த ஓலையை மட்டும் புதிதாக எழுதிக் கோத்துவிடலாம். செல்லரித்த இடத்தை வெறுமையாகவே விட்டுவிடலாம். யாருக்கும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

"நாச்சாயிகிட்ட என்னன்னு சொல்றது?"

"இனி உள்ள வரலாம்னு…"

"ஈசுவரன் மனசு மாத்திக்கிட்டாருன்னு சொல்லிரலாங்களா?"

சென்னியப்பர் தலை குனிந்துகொண்டார். காது மடல் வரைக்கும் சுட்டது.

"நாளைக்கு அமாவாசை," என்றார் குரு. "வாசிக்கறது நீங்கதான்." முறத்தை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குள் போனார்.

மறுநாள் கூடம் நிறைந்துவிட்டது. ஆற்றில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே சோறு வேகிற வாசனை வந்தது. சென்னியப்பர் விளக்கைக் கும்பிட்டுவிட்டு ஏட்டைப் பிரித்தார். குரல் சரியாகத்தான் வந்தது. அன்னப் பகுதி வந்தது.

"பசித்து வந்தவர் யார் என்று கேளாதீர். உயிர்ப்பழி சுமந்து வந்தவர்…"

நிறுத்தினார்.

கூட்டம் தலை குனியவில்லை. அது மூச்சு விடும் இடம் இல்லையே. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவருக்குக் கண் மங்கிவிட்டது என்று யாரோ முணுமுணுத்தார்கள். செக்கு வைத்திருக்கிற மாரப்பர் முன்வரிசையில் இருந்தார். பாவம், தடுமாறுகிறாரே என்று அவர் எடுத்துக் கொடுத்தார்.

"வாசலுக்கு வெளியே நிற்கக் கடவர்."

அவர் சொன்னதும் மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மனப்பாடமான வரிதானே. பெண்கள் சொன்னார்கள். மடியில் உட்கார்ந்திருந்த குழந்தைகளும் மழலையில் சொன்னார்கள். கூடம் முழுக்க அந்த வரி எழுந்து வந்து சென்னியப்பர் முன்னால் நின்றது. எவ்வளவு பக்தியாகச் சொன்னார்கள். சிலர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்கள்.

அவர் ஏட்டின்மேல் கையை வைத்தார்.

"அது கடவுள் வாக்கு இல்லீங்க. பழைய ஓலையில அந்த இடம் செல்லரிச்சிருந்துச்சு. நான் என் புத்தியில எழுதுனது அது."



முதலில் மாரப்பர்தான் வாய் திறந்தார். சத்தமாகப் பேசவில்லை. "அப்போ மிச்சமெல்லாம் யாரு எழுதுனதுங்க? அதுவும் உங்க கைவண்ணந்தானா?"

"இல்லீங்க. அது ஒண்ணுதான்."

"அதை நாங்க எப்படி நம்பறது?"

சென்னியப்பர் ஏட்டின்மேலிருந்த கையை எடுத்தார்.

"ஒண்ணுதான்னு லேசாச் சொல்லிட்டீங்க. என் தம்பி ஒரு ஆளை அடிச்சு, அந்த ஆள் செத்து, செயிலுக்குப் போய்ட்டு வந்தான். 'அண்ணா'ன்னு வந்து நின்னான். இந்த வரியைச் சொல்லித்தான் அவனை வாசப்படி ஏத்தாம வெச்சேன். சோறு மட்டும் வெளிய வெச்சேன். அவன் அதைத் தொடவே இல்லை. போனவன் எங்கயோ அத்துவானத்துல செத்தான்." மாரப்பர் துண்டை உதறித் தோளில் போட்டார். "நல்லா எழுதுனீங்க சாமி. எழுத்து நல்லா அழகுதான்."

எழுந்து போய்விட்டார். சாப்பிடாமல் போனார். அவரோடு இன்னும் சிலர் போனார்கள். குரு யாரையும் தடுக்கவில்லை. சென்னியப்பருக்காக ஒரு வார்த்தை பேசவும் இல்லை.

சென்னியப்பர் ஏட்டைக் கட்டி விளக்கடியில் வைத்தார். கூடத்தின் நடுவே நடந்தார். அந்த நாளில் நாச்சாயி நடந்த அதே வழி. யார் காலையும் மிதிக்காமல் நடக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

வாசலுக்கு வெளியே நாச்சாயி செருப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே பேசினது அவள் காதில் சரியாக விழவில்லை. மாரப்பர் ஏன் சாப்பிடாமல் போகிறார், உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டாள்.

"அம்மிணி," என்றார் சென்னியப்பர். "உன்னை வெளிய நிக்கச் சொன்னது ஈசுவரன் இல்லை. நான்தான். ஏட்டுல நான் சேத்து எழுதிட்டேன்."

அவளுக்குப் பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது. அவர் இன்னொரு தடவை சொன்னார். இரண்டாம் தடவை சொல்வது முதல் தடவையைவிடக் கஷ்டமாக இருந்தது. அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். மண்ணை வாரி மேலே போட்டாலும் துடைக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டார்.

"அப்ப அவரு சொல்லலீங்களா?"

"சொல்லலை அம்மிணி."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ, நான் அவரை என்னவெல்லாம் ஏசியிருக்கேன். காலையில வாசல் கூட்டறப்ப ஆரம்பிச்சா இலை வர்ற வரைக்கும் ஏசுவேனுங்க. உனக்கும் ரெண்டு புள்ளைக இருக்குதே, உனக்குமா தெரியலை, நான் வேணும்னா கிணத்துல போட்டேன்னு கேப்பேன். முந்தாநேத்து மழையில நின்னப்பக்கூட, கல்லு, வெறுங்கல்லுன்னு சொல்லிட்டேனே. பாவம், அவரு சொல்லவே இல்லையே."

சென்னியப்பர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. அவர் அங்கே நிற்கிற ஞாபகமே அவளுக்கு இல்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கால் தூசியைத் தட்டினாள். வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து, உள்ளே போனாள். கூடத்தில் இருந்தவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். அவள் நேரே விளக்கடிக்குப் போய் நெற்றி தரையில் பட விழுந்தாள். விழுந்தவள் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. மன்னிப்புக் கேட்க அவளுக்கு நிறைய இருந்தது.

சென்னியப்பர் உள்ளே போகவில்லை. புங்கமரத்தடியில் அவள் நின்ற இடத்தில் நின்றார். செருப்பு ஒன்று புரண்டு கிடந்தது. அதை எடுத்து அதன் ஜோடியோடு வைத்தார்.

பந்தி முடிந்து குரு வெளியே வந்தார். கையில் ஓர் இலை. சோறு, கீரை, ஒரு துண்டு வெல்லம்.

"சாப்பிடுங்க ஐயா."

"வேண்டாமுங்க சாமி. இந்த மடத்துச் சோத்தைத் திங்க எனக்கு என்ன யோக்கியதை?"

"அவருக்கும் அன்னம் உண்டுன்னு இருக்குதுங்களே. அது நீங்க எழுதுனதில்லையே."

சென்னியப்பர் இலையை வாங்கிக்கொண்டார். வாங்கினாரே தவிர வாயில் வைக்கவில்லை. உள்ளே நாச்சாயி அழுகிற சத்தமும், யாரோ பெண்கள் அவளைத் தேற்றுகிற சத்தமும் கேட்டன. வெகுநேரம் கழித்து, இலையைப் பார்த்தபடியே அவர் கேட்டார்.

"நேத்துக் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலீங்க. ஏடு யாரு எழுதுனது?"

குரு வாசல் நிலையில் சாய்ந்துகொண்டார்.

"அந்த அம்மிணி இத்தனை வருசமா ஏசுனது உங்க வரிக்கு. வாங்கிக்கிட்டது ஈசுவரன். 'அது நான் எழுதுனதில்லை'ன்னு ஒரு நாளாச்சும் சொன்னாருங்களா?"

சென்னியப்பர் கையில் இலையோடு நின்றார்.